மஞ்சள் கொடி தாமதித்த மூன்று விநாடி

கே.ஜி.கண்டிகை அருகே உள்ள கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டிகள் ஓடும் டிராக்கில், மூன்றாவது வளைவில் நின்று கொடி காட்டுவது புஷ்பலதாவின் வேலை. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டி, அந்தச் சத்தத்தில் காது மந்தமான பிறகு இங்கே வந்தாள். இங்கேயும் இரைச்சல்தான். ஆனால் இந்த வேலைக்குக் கண் போதும். வண்டி ஏதாவது சுழன்று நின்றுவிட்டால் உடனே மஞ்சள் கொடி காட்ட வேண்டும். அதைக் கண்டதும் எல்லாரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஏழு வருடத்தில் அவள் கை ஒருநாளும் தாமதித்ததில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. அவள் தம்பி விஷ்ணுவும் ஓட்டினான். "தம்பி ஓட்டறப்ப நீ கொடி புடிக்கலாமா?" என்று மேலாளர் விஜயராகவன் கேட்டதற்கு, "எனக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான் சார்" என்றாள்.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில், எல்லாருக்கும் பின்தங்கியிருந்த உதயா என்ற பையனின் வண்டி வளைவு தாண்டிச் சுழன்று, குறுக்கே நின்றது. அதே நேரம் முதல் இரண்டு வண்டிகளும் வளைவுக்குள் வந்தன. விஷ்ணு முன்னால் போனவனை உள்பக்கமாக முந்திக்கொண்டிருந்தான். கொடி காட்டினால் அவன் பின்வாங்க வேண்டும். புஷ்பலதாவின் கை எழவில்லை. அவர்கள் இருவரும் உதயாவை ஒட்டித் தப்பிப் போன பிறகுதான் காட்டினாள். மூன்றாவதாக வந்த வண்டியால் நிற்க முடியவில்லை. மோதியதில் உதயாவின் தோள் எலும்பு முறிந்தது.

கோப்பை விஷ்ணுவுக்கு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உதயாவின் அம்மா வள்ளிநாயகி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ கொடி காட்னதாலதாம்மா பின்னாடி வந்தவங்க நின்னாங்க. இல்லாங்காட்டி என் புள்ள இன்னா ஆயிருப்பான்?"

அந்தக் கைகளை உதற முடியாமல் நின்றாள். நான்காம் நாள் விஷ்ணுவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நான் கேட்டனாக்கா உன்னை?" என்றான் அவன். "நெசமா ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கறேன்."

புஷ்பலதா விஜயராகவனிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "அன்னிக்கே கேட்டனே" என்றார், அவ்வளவுதான். சாயங்காலம் விஷ்ணு தானே கோப்பையைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தான். இரண்டாவதாக வந்தவனைக் கூப்பிட்டுக் கை கொடுத்தான். அக்கா பக்கம் திரும்பவில்லை.

வள்ளிநாயகியின் வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். அவள் கதவைச் சாத்தவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

இப்போது கொடி வேறொருவர் கையில். புஷ்பலதா வண்டி புறப்படும் இடத்தில் ஹெல்மெட் வாரைச் சரிபார்க்கிறாள். கார்த்திகையில் உதயா திரும்பி வந்து, அவள்முன் முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான். வாருக்கடியில் விரல் விட்டு இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்கமா கீதுல்ல?"

"ஆங்."

அவன் வண்டியில் போய் உட்கார்ந்தான். அவன் பத்துச் சுற்று முடித்து இறங்கும்வரை அவள் கண் அந்த வளைவைவிட்டு அகலவில்லை.