நான் சொல்லிக்கொடுத்த 'யெஸ் சார்'

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கிரேஸ் மேஜையில் ஓங்கித் தட்டினார். எட்டு ஆண்கள் – சூறைக்காற்றில் வள்ளம் ஓட்டியவர்கள் – பெஞ்சில் ஒடுங்கிப்போனார்கள்.

கிரேஸ் பிலிப்பைன்ஸ்காரர். கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் இன்ஜினியர் வேலை. ஒன்றரை வருடமாக இங்கேதான் வாசம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மாதா கோயில் ஹாலில் நான் நடத்தும் இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் தானும் சேர்ந்து சொல்லித்தருவதாக வந்தார். படிக்க வருபவர்கள் கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் மீனவர்கள்.

நான் ஷிப்பிங் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவள். கப்பல் இன்டர்வியூ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் முதல் பாடமே இதுதான்: கேப்டன் என்ன சொன்னாலும் தயங்காதே. நிமிர்ந்து உட்கார், சிரி, 'யெஸ் சார்' சொல். திருதிருவென்று முழித்தால் வேலை போச்சு!

அன்று கிரேஸ் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒரு கட்டளை போட்டார். கதவுக்குப் பின்னால் இருக்கும் பச்சைக் கயிற்றை எடுத்து வா, பிறகு இரண்டாவது ஜன்னலைச் சாத்து. அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஒரே குரலில், "யெஸ் மேடம்!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன் பெஞ்சில் மைக்கேல் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார்.

"என்னலே சொல்லுதாவ?"

"எனக்கும் வெளங்கல. பெறகு நீ எதுக்குல யெஸ் சொன்ன?"

"எல்லாரும் சொன்னானுவ… நானும் சொன்னேன்."

அப்போதுதான் மேஜையில் அந்த அடி விழுந்தது.

"என் தம்பிக்கு வலது கையில் மூன்று விரல்தான்" என்றார் கிரேஸ். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். தம்பி வேலை பார்த்த கப்பலில் கயிறு இழுக்கும் மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதை ஓட்டியவன் 'யெஸ்' என்றானாம். ஆனால், சொன்னது அவனுக்குப் புரியவில்லை.

மைக்கேல்தான் மெதுவாக என்னிடம் கேட்டார். "பெரிய ஆளுங்ககிட்ட திருப்பிச் சொல்லுங்கன்னு கேட்டா மரியாதையா இருக்குமா டீச்சர்?"

நியாயமான கேள்விதானே? நம் ஊரில் யார் கேட்கிறோம்? டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியிடம் போய், "டாக்டர் என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?" என்று கேட்கிறவர்கள் நாம். நானும் மைக்கேல் கட்சிதான். புரியவில்லை என்பவனை எந்த கம்பெனி எடுக்கும் என்று கிரேஸிடம் சண்டையே போட்டேன். அவர் மசியவில்லை. அதற்கப்புறம் மூன்று வாரமும் ஒரே பயிற்சி: கையைத் தூக்கு, 'சே அகெய்ன் ப்ளீஸ்' சொல், புரிந்ததை உன் வாயால் திருப்பிச் சொல். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலான எரிச்சல்.

மைக்கேலுக்கு வயது முப்பத்து நான்கு. இரண்டு இன்டர்வியூ ஏற்கெனவே ஊத்திக்கொண்டன. முப்பத்தைந்து தாண்டினால் புது ஆளாக எடுக்க மாட்டோம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். ஆக, அடுத்த இன்டர்வியூதான் கடைசி.

போன செவ்வாய்க்கிழமை, ஏஜென்சி ஆபீஸில் வீடியோ காலில் இன்டர்வியூ. துணைக்கு நான் வெளியே பெஞ்சில். கதவு வழியாக மைக்கேலின் குரல் தெளிவாகக் கேட்டது. "சே அகெய்ன் ப்ளீஸ், சார்."

தலையில் கைவைத்தேன். ஒரு நிமிடத்தில் மறுபடியும் அதே. அப்புறம் மூன்றாவது தடவை! அடப்பாவி… எழுந்து போய் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது.

வெளியே வந்தவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "மூணு வாட்டி கேட்டுட்டேன் டீச்சர். அந்தாளு மொகத்துல ஒரு சிரிப்பு கூட இல்ல. சோலி முடிஞ்சிட்டு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிரேஸ் மீது கோபம் கோபமாக வந்தது.

பத்து நிமிடத்தில் ஏஜென்சி மேனேஜர் வந்தார். காலையிலிருந்து எல்லோரிடமும் ஒரே கட்டளையை கேப்டன் வேண்டுமென்றே வேகமாக, குழறலாகச் சொன்னாராம். அத்தனை பேரும் 'யெஸ் சார்'. மூன்று தடவை கேட்டு, கடைசியில் சரியாகத் திருப்பிச் சொன்னது மைக்கேல் ஒருவர்தானாம். அடுத்த மாதம் கப்பலேறுகிறார்!

கிரேஸுக்கு போன் போட்டு, என் தப்பை ஒப்புக்கொண்டேன். எனக்கு அதில் வெட்கமில்லை. ஆனால், போனை வைத்ததும்தான் உறைத்தது. என்னிடம் 'யெஸ் சார்' படித்துவிட்டு ஏற்கெனவே கடலுக்குப் போன பதினோரு பேர்? அவர்கள் விரல்கள்?

உடனே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். 'நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. கப்பலில் எது புரியாவிட்டாலும், யாராக இருந்தாலும், யெஸ் சொல்லாமல் திருப்பிக் கேளுங்கள்.'

இரண்டு நாளில் எல்லோரிடமிருந்தும் பதில் வந்தது. பத்துப் பேர் 'யெஸ் டீச்சர்'. ஒரே ஒருவர் மட்டும், 'எதுக்கு டீச்சர் இப்படிச் சொல்லுதிய? வெளங்கலியே' என்று கேட்டிருந்தார்.

அந்த ஒருவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.