கட்டிய மீனில் ஒன்று

வைகை அணையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பரிசலில் மீன் பிடித்தோம். நான் துடுப்புப் போடுவேன், அவர் வலையைத் தூக்குவார். மீனைத் தண்ணீரிலேயே பிரித்தெடுக்க மாட்டோம். வலையோடு அள்ளிப் பரிசலில் போட்டுக் கரைக்கு வந்துதான் பிரிப்போம். அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் தண்ணீர் வற்றி அணை குட்டையாகிவிட்டது. மீனும் நாங்களும் நீர்நாய்களும் அந்தக் குட்டைக்குள் நெருக்கியடித்தோம். வலையில் மாட்டிய மீனை நீர்நாய் கடித்து இழுக்கும். மீனோடு வலையும் கிழியும். அணையின் மீன்பிடிக் குத்தகைக்காரர்தான் மீன்குஞ்சு விட்டவர், அவருக்கு ஆத்திரம். வனத்துறைக்காரர் ஒருவர் வந்தார். நீர்நாய் அழிந்துகொண்டிருக்கும் உயிர், ஒன்று செத்தாலும் ஜெயில்தான் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கிழிந்த வலைக்கு என்ன வழி என்று கேட்டேன். அது அவர் வேலை இல்லையாம். பிறகு யார் வேலை?

குத்தகைக்காரரின் மேஸ்திரி ஒரு பொட்டலம் கொடுத்தார். வாழைக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்து, கத்தரிப்பூ நிறம். ஜிலேபி மீனின் வாய்வழியே அதைத் திணித்து வலையிலேயே கட்டச் சொன்னார். நீர்நாய் தேடி வருகிற இடம் வலைதானே என்றார். ஆம்பளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, நீர்நாய்க்கு நீ அக்காவா தங்கச்சியா என்று சிரித்தார்கள். முதல் நாள் எங்கள் பரிசலின் முறை. என் வீட்டுக்காரர் கட்டினார்.

மறுநாள் காலையில் வலையைத் தூக்கினோம். கரைக்கு வந்து பிரித்தால், கட்டிய மீனில் ஒன்றைக் காணோம். அறுந்த நூல் மட்டும் தொங்கியது. பரிசலில் குவிந்து கிடந்ததெல்லாம் ஜிலேபி. நீர்நாய் இழுத்துக்கொண்டு போனதா, இந்தக் குவியலில் விழுந்து கிடக்கிறதா, எப்படித் தெரியும்? நான் வலைக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி கூடையை எடை போட்டுவிட்டார். ஆண்டிபட்டி மார்க்கெட்டுக்குப் போகிற ஆட்டோ எஞ்சினை அணைக்காமல் நின்றது.

ஓடிப்போய்க் கூடையை இழுத்துத் தரையில் கொட்டினேன்.

"ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? நீர்நாய் தின்னுருக்கும். ஏத்து" என்றார் மேஸ்திரி.

"தின்னத நீங்க பாத்தீகளா?"

அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏலே, இங்கன வல எடுக்குறது நீயா, ஒம் பொண்டாட்டியா?"

இவர் திரும்பி வலையை மடிக்கப் போனார். எனக்கு இவர் மேலும் கோபம்தான். அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு மீனாக வயிற்றைக் கிழித்தேன். கிழித்த மீனை வியாபாரி எடுக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். குடல், சேறு, பாசி, வேறொன்றும் இல்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பாதிக்கு மேல் கிழித்தாகிவிட்டது. மேஸ்திரி மீதியை வாரிக் கூடையில் போடக் குனிந்தார். அப்போது இவர் வந்து கூடைமேல் காலை வைத்து நின்றார். நான் தொடர்ந்து கிழித்தேன்.

அடியில் கிடந்த ஒரு மீனில் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. அதன் வாயிலிருந்து குருணை எந்தெந்த மீன்மேல் சிந்தியதோ?

"கெடச்சிருச்சுல்ல? மத்தத ஏத்து" என்றார் மேஸ்திரி.

மிச்ச மருந்துப் பொட்டலத்தை அவர் சட்டைப்பையில் திணித்தேன். "ஏத்துறோம். மொதல்ல இதுல ரெண்டு மீன ஒங்க வீட்டுக்குக் குடுத்துவிடுங்க. ஒங்க பிள்ளைக தின்னட்டும், பெறகு ஏத்துறோம்."

அவர் தினமும் எங்கள் மீனைத்தான் சும்மா வாங்கிப் போவார். அன்றைக்கு வாங்கவில்லை. ஆட்டோ எங்கள் கூடை இல்லாமல் கிளம்பியது. கரையில் நின்ற மற்ற பெண்கள் அவரவர் வீட்டுக்காரரிடம் போய், மருந்து மீன் பரிசலில் ஏறினால் துடுப்பைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து அத்தோடு நின்றது. நீர்நாய் மேல் அங்கே யாருக்கும் இரக்கம் வந்துவிடவில்லை.

கூடை மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம். அடுத்த மழை வரும்வரை எங்கள் பரிசல் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று குத்தகைக்காரர் சொல்லியனுப்பினார். இவர் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குக் காமயகவுண்டன்பட்டி போனார். மற்றவர்கள் நீர்நாய் வருவதற்குள், விடியுமுன்பே வலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கிழிசல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கரையில் உட்கார்ந்து அவர்கள் வலையைத் தைத்துக் கொடுத்து அந்தக் கோடையை ஓட்டினேன். வனத்துறை ஜீப் அந்தப் பக்கம் வரவேயில்லை.