செவ்வாய்க்கிழமைப் பொட்டலங்கள்

குடோன்காரர்களோடு பேசி முடித்த அன்று அக்கா வீட்டில் நான்கு பேர் இருந்தோம்: அக்கா, மாமா, நான், கடலூரிலிருந்து வந்திருந்த குடோன் சூப்பர்வைசர். அப்பா இல்லை. காட்டுமன்னார்கோயில் அரிசி மில்லில் அன்று லோடு ஏற்றும் நாள். மூட்டை தூக்குகிறவரை லீவு போட்டுவிட்டு வரச்சொல்ல எனக்கும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா, படித்துப் பார்க்க வேண்டியவன் நான். அப்பாவுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அக்கா சிதம்பரத்தில் மொட்டை மாடியில் கூழ் வத்தல் போடுகிறவள். முதலில் பக்கத்துத் தெரு மளிகைக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை ஆன்லைன் கடையில் ஏற்றிவிட்டது நான். பெங்களூரிலும் பம்பாயிலும் இருக்கிற நம்மூர் வீடுகளிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்ததும் வீடு கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டி, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் டேப் சுருள். மாமா சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். சவாரி முடித்து வந்தால் காலை நீட்டிப் படுக்க இடமில்லை என்று தினம் ஒரு சண்டை. “குடோன்ல குடுத்துடலாம். அவுங்களே பாக்கெட்ட வெச்சிருந்து, ஆர்டர் வந்ததும் லேபிள் ஒட்டி அனுப்பிடுவாங்க” என்று சொன்னவன் நான்தான்.

சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு இதுவே வேலை. ஆன்லைனில் விற்கிறவர்கள் சரக்கை வேறொருவர் குடோனில் வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஆர்டரும் சொன்ன நேரத்துக்குள் வெளியே போகிறதா என்று நான் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், வேலை கிடைத்ததும் அப்பா ஆசையாகக் கேட்டார்.

“மூட்டைய தூக்கறது யாரு?”

“அது வேற ஆளுப்பா.”

“கணக்கு எழுதறது?”

“அது கம்ப்யூட்டரே எழுதிக்கும்.”

“அப்ப நீ?”

“நேரத்துக்குப் போச்சான்னு பாப்பேன்.”

“பாத்தா போயிடுமா?”

 

போகிறதோ இல்லையோ, பார்ப்பது எனக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. ஆர்டர் வந்து ஒரு நாளைக்குள் கூரியர் வண்டிக்காரன் அந்தப் பொட்டலத்தை ஸ்கேன் செய்திருக்க வேண்டும். நூறு ஆர்டரில் எத்தனை அப்படிப் போனது என்று வாரத்துக்கு ஒரு எண் வரும். பச்சையில் இருந்தால் கவலையில்லை. மஞ்சளுக்கு வந்தால் எச்சரிக்கை. சிவப்பைத் தொட்டால் கடையை மூடிவிடுவார்கள். மற்றவர்களின் கடையை ஆபீசில் பார்த்தேன், அக்கா கடையை எங்கேயும் பார்த்தேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டு பார்ப்பேன். புதுச்சத்திரம் தாண்டி சிக்னல் போய்விட்டால் கை நமைச்சல் எடுக்கும். டீயை வாங்கி ஆறவிட்டுவிட்டுப் பார்ப்பேன். “மச்சான், அது என்னா கொழந்தையா, அடிக்கடி தூளிய ஆட்டிப் பாக்கறதுக்கு?” என்பார் மாமா.

வைகாசி, ஆனி இரண்டும் பச்சையாகவே போயின. ஆடி பிறந்ததும் எண் இறங்கியது. ஒரு வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஆவணியில் மஞ்சள் வந்துவிட்டது.

அதே குடோனில் சரக்கு வைத்திருந்த மற்றவர்கள் எல்லோரும் பச்சை. அதுதான் என்னை உட்கார விடவில்லை. பெரிய வியாபாரி சரக்கை முதலில் ஏற்றிவிட்டு, வத்தல்காரி சரக்கை ஓரம் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. “ஒண்ணும் பிரச்சன இல்லண்ணா. நீங்க சொன்ன மாதிரியேதான் போயிட்டிருக்கு” என்றார், நிதானமாக. அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று கேட்கத் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஆன்லைன் கடைக்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டாலோ, தவறு விற்பவருடையது என்றாலோ, தீபாவளி விற்பனை முடியும் வரை கடை மூடப்படும். வத்தல் வெயில் காலத்துச் சரக்கு. சித்திரை, வைகாசியில் அக்காவும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் மாடியில் வெந்து, வருஷத்துக்கும் சேர்த்துப் பிழிந்து காயவைத்தது எல்லாம் அந்தக் குடோனில் கிடந்தது. மழை விழுந்துவிட்டால் புதிதாக ஒன்றும் செய்ய முடியாது. தீபாவளிக்கு விற்கவில்லையென்றால் அந்த வெயில் அத்தனையும் வீண்.

அதுவரை வாரத்து எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், அப்போதுதான் தாமதமான ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் தேதி போட்டுப் பிரித்தேன். எல்லாமே செவ்வாய்க்கிழமை. ஒன்றுகூட விலக்கில்லை. செவ்வாய் போக வேண்டியது புதன்தான் போயிருக்கிறது.

“செவ்வாக்கெழம அங்க எவனோ லீவு போடுறான். போய்ப் புடிப்போம்” என்றார் மாமா.

அடுத்த செவ்வாய், ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மாமாவின் குட்டியானையில் குடோனுக்குப் போனேன். தகரக் கூரை, உள்ளே கால் வைத்தாலே வேர்த்துவிடும். யாரும் லீவில் இல்லை. எல்லா ஆட்களும் இருந்தார்கள். எங்கள் பொட்டலங்கள் லேபிள் ஒட்டி, நீலக் கூடையில் அழகாக அடுக்கித் தயாராக இருந்தன. மூன்று மணி தாண்டியதும் கூரியர் வண்டி வந்தது. செருப்பு, செல்போன் உறை, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நீலக் கூடையை மட்டும் ஒரு ஆள் காலால் மெதுவாகச் சுவரோரம் நகர்த்தினான்.

“டேய், டேய், அது யாரு சரக்குன்னு தெரியுமா?” மாமா கத்திக்கொண்டே ஓடினார்.

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். “அண்ணா, செவ்வாக்கெழமண்ணா.”

“செவ்வாக்கெழமன்னா?”

“மூணுலேருந்து நாலர. ராகு காலம்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். “ஏங்க, நீங்க ராகு காலம் பாப்பீங்களா?” என்றேன்.

“நாங்க எங்கண்ணா பாக்கறது? நாங்க கோயிலுக்குப் போறதே மாதா கோயிலுக்குத்தான். ஒங்க அப்பா சொன்னாரு.”

முதல் லோடு வந்த அன்று நடந்ததை அவர் சொன்னார். மாமாவுக்கு இறக்க ஆள் வேண்டுமென்று அப்பாவும் வண்டியில் வந்திருக்கிறார். நான் அன்று ஆபீசில். மூட்டையெல்லாம் இறக்கி முடித்து, மாமா டீ குடிக்கப் போன நேரத்தில், அப்பா சரக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: “தம்பி, இது என் பொண்ணு சரக்கு. எந்த நாளானாலும் ராகு காலத்துல மட்டும் இது வாசப்படி தாண்டக்கூடாது. மத்தபடி ஒங்க இஷ்டம்.”

அப்போது கூரியர் வண்டி காலை பதினொரு மணிவாக்கில் வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வண்டிக்காரரை டீ வாங்கிக் கொடுத்து நிறுத்திவைத்து, ராகு காலம் முடிந்து பன்னிரண்டு அடித்ததும் ஏற்றியிருக்கிறார் இவர். ஆடியில் வண்டியின் தடம் மாறி, மூன்று மணிக்கு மேல் வர ஆரம்பித்தது. செவ்வாய் மாட்டிக்கொண்டது. இப்போது வருகிற வண்டிக்காரர் டீக்கெல்லாம் நிற்கிற ஆளில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“பையன்கிட்ட சொல்லிக்க வேணாம்னு பெரியவரு சொன்னாருண்ணா. அப்பறம் நீங்க போன் போட்டு நான் ‘நீங்க சொன்ன மாதிரியேதான்’னப்ப நீங்க ஒண்ணும் கேக்கல. அதான் ஒங்களுக்கும் தெரிஞ்சிடுச்சி போல, லேட்டானாலும் பரவால்லன்னு இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிப் போய்விட்டது. நீலக் கூடை சுவரோரமே இருந்தது. அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் மில் இரைந்தது.

“அப்பா, செவ்வாக்கெழம சரக்க அனுப்பாதன்னு சொன்னியா?”

“செவ்வாக்கெழம அனுப்பாதன்னு எவன் சொன்னான்? ராகு காலத்துல அனுப்பாதன்னேன்.”

“வண்டி வர்றதே அந்த நேரத்துலதாம்பா.”

“அப்ப வண்டிய முன்னாடி வரச் சொல்லு.”

“நாம சொன்னா வராதுப்பா.”

“பின்ன நீ அங்க என்னாதான் வேல பாக்கற?”

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. “ஏம்பா எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

“சொன்னா சிரிப்ப.”

“நான் என்னைக்குப்பா சிரிச்சேன்?”

  மில் சத்தம் சட்டென்று நின்றது. அவர் வைத்தாரா, சிக்னல் போனதா என்று தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என்றைக்குச் சிரித்தேன் என்று ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சிரிக்கவே இல்லை என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

சாயங்காலம் அப்பா டவுன் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்துவிட்டார். சட்டையில் உமித் தூசி அப்படியே இருந்தது. அக்கா கொடுத்த தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சுவரோரம் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். தாமதத்துக்குக் காரணம் என்று நான்கு வரி இருந்தது: மழை வெள்ளம், கூரியரின் தவறு, குடோனின் தவறு, விற்பவரின் தவறு. ஒன்றைத் தொட வேண்டும்.

“குடோன் தப்புன்னு போட்டுடறேன்க்கா. நம்ம கடைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

“அவுங்கள என்னா பண்ணுவாங்க?”

எனக்குத் தெரியும். ஆபீசில் வேறு வியாபாரிகளுக்காக நானே அந்த வரியைத் தொட்டிருக்கிறேன். குடோனுக்கு வர வேண்டிய பணத்தில் பிடிப்பார்கள். குடோன் முதலாளி அதை விட்டுவிட மாட்டார். சூப்பர்வைசர் மாறிவிடுவார், அடுத்த முறை போன் போட்டால் வேறு குரல் எடுக்கும். இதைச் சொன்னேன். மறைக்கவில்லை.

“அப்பா சொன்னத இந்த ஊர்லயே அந்தப் பையன் ஒருத்தன்தான் கேட்டான். அவனயே மாட்டி உடுறியா?” என்றாள் அக்கா.

“அக்கா, தீபாவளி வருதுக்கா. மொத்தச் சரக்கும் அங்க கெடக்குது.”

“எஞ்சரக்குதான் கெடக்குது. எனக்குத் தெரியாதா?”

மாமா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னாலும் உட்கார முடியவில்லை. அப்பாதான் மெதுவாகச் சொன்னார். “வேணும்னா எம்பேர போடு.”

“அதுல உம்பேரு போட எடமில்லப்பா.”

“என்னா படிப்போ போ” என்றார் அப்பா.

அக்கா எழுந்து வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “எந்த வரி? இதுவா?” என்று கேட்டு, நான்காவது வரியை அவளே தொட்டாள். நான் தடுத்திருக்கலாம். திரை ஒரு முறை சுற்றியது. நன்றி என்று வந்தது.

பிறகுதான் எல்லோருக்கும் பசி தெரிந்தது. சாப்பிடும்போது அக்கா கேட்டாள். “ஏம்பா, நேரம் சரியில்லாதப்ப ஊருக்குப் போணும்னா, நல்ல நேரத்துலயே பைய எடுத்துப் பக்கத்து வூட்ல வெச்சிட்டு, அப்பறமா கெளம்புவோமே. அந்த மாதிரி, மூணு மணிக்கு முன்னாடியே ஒரு பாக்கெட்ட எடுத்து வாசலுக்கு வெளிய வெச்சிட்டா?”

“தாராளமா” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே. “சரக்கு கெளம்பியாச்சின்னு அர்த்தம். அப்பறம் ராகு என்னா பண்ணுவான்?”

மாமா கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். “அவ்ளோதானா? இத ஆடி மாசம் ஒருத்தர ஒருத்தர் கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமேய்யா! மச்சான், ஒன் கம்ப்யூட்டர் இதுக்கு என்னா கலரு காட்டும்?”

அப்பா சிரித்தார். அன்று வீட்டில் சிரித்தது அவர்தான்.

கடை தீபாவளி தாண்டும் வரை மூடிக் கிடந்தது. அந்த நாட்களிலும் பழக்க தோஷத்தில் நான் பஸ்ஸில் போனைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சையுமில்லை, சிவப்புமில்லை, வெறும் சாம்பல் நிறம். சரக்கு விற்காவிட்டாலும் குடோன் வாடகை ஓடியது. ஐப்பசி மழையில் பாதிக்கு மேல் வத்தல் நமத்துப்போய், மாமா போய் ஏற்றிக்கொண்டு வந்து, சிதம்பரத்து மெஸ்களுக்கு வந்த விலைக்குக் கொடுத்தோம். ஏற்றி இறக்கியதில் நொறுங்கினதை யாரும் வாங்கவில்லை. கடையைத் திரும்பத் திறக்க ஒரு அபராதமும் கட்டினோம். வாடகை, அபராதம், டீசல், சரக்கில் விட்டது எல்லாவற்றையும் அக்கா விரல் விட்டுக் கூட்டினாள். நான் போனில் கூட்டினேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது: நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.