வாயில் காத்த குஞ்சுகள்

மனோர் பார்க் பகுதியில் என்னுடன் ஒரே வீட்டில் இருந்த அன்ரன் அண்ணை இருதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, தன் மீன்தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். ஆபிரிக்க ஏரியொன்றின் ஆழத்தில் வாழும், நெற்றி புடைத்த ஃப்ரொன்டோசா மீன்கள் ஐந்து அதில் இருந்தன.

அவர் போன நாளிலிருந்தே ஒரு பெண் மீன் உணவைத் தொடவில்லை. தாடையும் வீங்கியிருந்தது. சாப்பிடாத உயிரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நம்மவர்களுக்கு வராது. மூன்றாவது வாரம், தொண்டை நோய் என்று நானே முடிவுகட்டி, மருந்து கலந்த வாளிக்கு மாற்ற வலையால் பிடித்தேன். மீன் வாயைத் திறந்தது. மஞ்சள் கரு ஒட்டிய பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் தண்ணீரில் சிதறின. மற்ற மீன்கள் அவற்றை ஒரு நிமிடத்துக்குள் விழுங்கிவிட்டன.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லத்தான் தொடங்கினேன்.

"அண்ணை, ஒரு பெட்டை மீன் மூண்டு கிழமையாச் சாப்பிடேல்லை."

அவர் முகம் மலர்ந்தது. "அட விசரா, அது வாயில குஞ்சு வச்சிருக்கு. நாலு வருசமா இதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நான் வாறவரைக்கும் தொட்டுப்போடாதை."

"ஓம் அண்ணை" என்றேன். மறுநாள் அவருக்கு ஓப்பரேஷன். அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

ஓப்பரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் அண்ணை கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன் அமர்ந்து உணவைத் தூவினார். அந்தப் பெண் மீன்தான் முதலில் மேலே வந்து தின்றது. அண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சாப்பிடுது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சில காலம் நம்பியிருந்தேன். அன்றும் ஏதாவது ஒரு காரணம் எனக்குக் கிடைத்திருக்கும்.