கண்மாயை எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

சைக்கிளை மிதித்துப் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? எனக்குக் கொடுக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே தங்க வருகிற வெளிநாட்டு விருந்தாளிகளைக் காலையில் சைக்கிளில் மூன்று ஊர் சுற்றிக் காட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. ஹோட்டல் போர்டில் 'ஈஸி ரைடு' என்று எழுதியிருக்கும். செய்து பார்க்காத ஆள் 'ஈஸி' என்று பெயர் வைத்த வேலையை நீங்களும் பார்க்கிறீர்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

வேலை கிடைத்த கதை

முதலில் அந்த ஹோட்டலில் நான் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் சவாரி தொடங்கலாம் என்று மேனேஜர் கதிரேசன் சார் முடிவு செய்தபோது, அங்கே இருந்த பையன்களில் ஒருத்தனுக்கும் சைக்கிள் ஆகவில்லை. எல்லாரும் பைக். பதினொன்றாம் வகுப்பில் கவர்மென்ட் கொடுத்த சைக்கிளை இன்னும் துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். "மலர், ஒரு சுத்து சுத்திட்டு வரணும், அவ்வளவுதான்" என்றார். எனக்கு அதில் பெரிய லாபம் ஒன்று இருந்தது. வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். எல்கேஜி படிக்கிற என் மகளைப் பள்ளிக்கூட வாசலில் நானே போய்க் கூட்டிக்கொள்ளலாம். அதுவரை தினமும் பக்கத்து வீட்டில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் தச்சு வேலை. ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குப் போகணும்? அங்கனயே உக்காந்திருக்கலாம்ல?"

கிளம்பும் முன்

பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. கிளம்பும் நேரத்தில் வரிசையாக நிற்கிற விருந்தாளிகளைப் பார்த்ததும் என் வாயில் தானாக வந்துவிடும்: தொப்பி எங்கே, தண்ணீர் பாட்டில் எங்கே, பாத்ரூம் போயாச்சா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையைச் சேர்க்க இடம் கிடையாது. ஒருமுறை வெள்ளை முடியோடு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. அவர்கள் நாட்டில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். நான் கேட்டதும் திகைத்து நின்றார். சரி, வேலை போச்சு என்று நினைத்தேன். விறுவிறுவென்று உள்ளே போய்த் திரும்பி வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான்தான் எல்லாரையும் பாத்ரூமுக்கு அனுப்புவேன். என்னை யாரும் அனுப்பியதே இல்லை."

எங்குட்டுப் போறீக?

எங்கள் பக்கம் ஒருவரை வழியில் பார்த்தால் இப்படிக் கேட்பதுதான் மரியாதை. முதல் ஊரின் எல்லையில் ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர், நாங்கள் வந்தாலே ரோட்டை மறித்துக்கொண்டு நிற்பார்.

"எங்குட்டுப் போறீக?"

"எங்குட்டும் இல்லம்மா, சும்மா சுத்திட்டு வாரோம்."

"சும்மாவா? ஆரையும் தேடி வந்தாகளா?"

"இல்ல."

"நேத்திக்கடனா?"

"அதுவும் இல்ல."

அந்த அம்மா ஹெல்மெட் போட்ட என் விருந்தாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழத்தை எடுத்து என் கூடையில் போட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "போய் எறங்க ஒரு சொந்தக்கார வீடுகூட இல்லாமத்தான் இப்புடி அலையுறாக, பாவம்."

அவர்கள் ஊரில்

அன்று வந்திருந்தவர்களில் ஒரு கணவன் மனைவி. கொய்யாவைக் கடித்துக்கொண்டே போனில் அவர்கள் ஊர்ப் படத்தைக் காட்டினார்கள். அங்கேயும் இதே மாதிரிதானாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு கிராமம் சுற்றிவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார்களாம். படத்தில் சூரியகாந்தி வயல், கல் வீடு, தேவாலயக் கோபுரம் எல்லாம் அழகு. ஆனால் மனுஷர் ஒருத்தரையும் காணோம். எல்லாரும் எங்கே என்றேன். சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள் என்றார்கள். அப்படியென்றால் எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஆளே இல்லையா என்று கேட்டேன். கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கேட்பார்கள். ஆனால் போலீஸ்காரர்கள் மட்டும்."

வாய் திறக்காத ஊர்

எங்கள் சுற்றில் கடைசி ஊர் மேலப்பட்டி. கண்மாய்க் கரையில் ஏறி, அங்கே இருக்கிற ஐயனார் கோயிலைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். புரட்டாசியில் நாங்கள் தொடங்கியபோது அந்த ஊர் ஜனங்கள் கையாட்டினார்கள். ஐப்பசி பிறந்ததும் கையாட்டுவது நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. ஒருநாள் டீக்கடைப் பாக்கியம் அக்கா, எங்கள் சைக்கிளைக் கண்டதும் "பால் தீந்துபோச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் பால் பொங்கிக்கொண்டிருந்தது! விருந்தாளிகளுக்குப் பாஷைதான் தெரியாது, முகம் தெரியுமே. ஹோட்டலுக்கு வந்து, அந்த ஊருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த வாரமும் இப்படின்னா வேன் வச்சிருவோம், மலர். நீ பழையபடி ரூம் வேலைக்குப் போயிரு." ரூம் வேலை என்றால் சாயங்காலம் வரை. என் மகள் பள்ளிக்கூட வாசலில் நிற்பது எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது.

அன்றைக்கு மகளைக் கூட்டிவந்து சோறு ஊட்டி, கேரியரில் உட்காரவைத்து நேரே மேலப்பட்டிக்கு மிதித்தேன். தனியாக வந்த என்னைப் பார்த்ததும் அக்கா மனசு கொஞ்சம் இறங்கியது. பிள்ளைக்கு ஒரு பிஸ்கட், எனக்கு ஒரு டீ. நான் விடாமல் கேட்டேன். கடைசியில் கொட்டிவிட்டார்: "மானம் பாத்துக் கெடக்கோம், கண்மாய்ல பொட்டுத் தண்ணி இல்ல. இந்த நேரத்துல ஐயனாரை எடப்பக்கமா சுத்துறீக. எழவு வீட்டுச் சுத்துல்லடி அது!"

இடது கைப் பக்கம்

சாமியை வலம் வர வேண்டும். இடம் வருவது சாவுக்கு. இது தெரியாதவளா நான்? மேனேஜர் போனில் கோடு போட்டுக் கொடுத்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவரிடம் போய்ச் சுற்றைத் திருப்பிப் போடலாம் என்றேன். அவர் சொன்ன காரணமும் லேசுப்பட்டதல்ல. விருந்தாளிகள் ஊரில் வண்டி ரோட்டின் வலப்பக்கமாகப் போகிறது. இங்கே எல்லாத் திருப்பமும் இடது பக்கமாகவே இருந்தால் எங்கேயும் ரோட்டின் குறுக்கே போக வேண்டாம்; திருப்பிப் போட்டால் மெயின்ரோட்டை வெட்டிக் கடக்க வேண்டிவரும். "லாரி வர்ற ரோடு. எவனாவது பழக்கதோஷத்துல அந்தப் பக்கம் திரும்பினா, ஐயனாரா வந்து பதில் சொல்வார்?"

நியாயம்தான். ஆனால் நான் எல்கேஜி பிள்ளையின் அம்மா. ரோட்டைக் கடக்கத் தெரியாதவர்களைக் கடக்க வைப்பது என் அன்றாட வேலை. ஒரே ஒரு நாள் விடுங்கள், நீங்களும் கூட வாருங்கள் என்றேன்.

வந்தார். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை மறந்தவருக்கு, கொஞ்ச தூரம் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மெயின்ரோடு வந்ததும் எல்லாரையும் இறங்கச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவர், சைக்கிளை உருட்டிக்கொண்டு, நான் நில் என்றால் நிற்க வேண்டும், வா என்றால் வர வேண்டும். விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். மேனேஜரும் நின்றார். ஒரு மணல் லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, வழிவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் சேர்ந்ததும் மேனேஜர் சார் என் காதோரம் சொன்னார்: "நான் வரிசையில நின்னத நம்ம பையன்ககிட்ட சொல்லிராத." பையன்களிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

மேலப்பட்டியில்

கண்மாய்க் கரையில் ஏறினோம். இந்தத் தடவை கோயில் எங்கள் வலது கைப் பக்கம். சொல்லிக்கொடுக்காமலே அந்தத் தலைமையாசிரியை மாதிரியே வெள்ளை முடியோடு ஒரு அம்மா இறங்கிக் கும்பிட்டார். பார்த்து மற்றவர்களும் கும்பிட்டார்கள். டீக்கடை வாசலில் நாலைந்து பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். நான் பிரேக்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்க்கிறார், நான் பாக்கியம் அக்காவைப் பார்க்கிறேன். அக்கா டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்: "எங்குட்டுப் போறீக?"

வேன் வரவில்லை. அடுத்த வாரம் மழை வந்தது, பேய் மழை. டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். மேலப்பட்டியில் அந்தப் பேச்சு எடுபடவே இல்லை. ஆக, ஊரைச் சுற்றுவது ஈஸிதான், எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதுதான் உத்தியோகம் என்று நான் தெரிந்துகொண்ட நேரத்தில், பாக்கியம் அக்கா நேற்று என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: "கண்மாய் பாதிதான் நெறஞ்சிருக்கு தாயி, நாளைக்கு வாரவுகள இன்னும் ரெண்டு சுத்துச் சேத்துச் சுத்தச் சொல்லு."