படத்துக்கு ஒரு ஒப்பாரி

படத்துக்குச் சத்தம் பிடிக்கிறது என் தொழில். பாட்டைப் பிடிக்கிறதை விட, நடுவுல வர்ற நாயையும் இருமலையும் ஆட்டோ ஹாரனையும் விரட்டுறதுதான் பெரிய வேலை. மைக் தூக்கினவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

யாரு செத்தது?

போன வருசம் இலங்கை மலையகத்துல, அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு படம். கொழும்பு டைரக்டருக்கு ஒரு யோசனை: அமெரிக்காவுல கறுப்பு சனங்க பாடின பழைய ப்ளூஸ், சோல் பாட்டுகளோட நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க குரலைப் புதுசாப் பதிஞ்சு கலக்கணும். ஒப்பாரிக்குப் பேர் போன லெச்சுமி அக்காவை, தோட்டத்துச் சனங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல தேடிப் போய், ஒரு ப்ளூஸ் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, யாரு செத்ததுன்னாங்க. யாரும் சாகலக்கா, பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளாம்னேன்.

"ஆளு உசுரோட இருக்கையிலேயே இப்படியா அழுவாங்க, தம்பி?"

தப்பு

அக்கா பாட மாட்டேன்னுட்டாங்க. சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வச்சா ஆகாதாம். டைரக்டர் விடல, அமெரிக்காக்கார அம்மா ஒருத்தங்க பாடின சோல் பாட்டுக்குத் தப்பு மேளமாவது அடிப்போம்னாரு. எனக்குப் புத்தி எங்க போச்சோ, தப்படிக்கிறவரை லயத்து வாசல்லயே நிப்பாட்டி மைக்கை வச்சேன். பாட்டு மெதுவான பாட்டு. அதுக்குத் தோதா அவரு அடிச்சது சாவு அடி.

கொஞ்ச நேரத்துல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க கூடையோட இறங்கி வந்துட்டாங்க, சில பேர் அழுதுகிட்டே. அவங்களை வேலை வாங்குற கண்டாக்கையாவும் பின்னாடியே வந்து, தொப்பியைக் கழட்டிட்டு மெதுவாக் கேட்டாரு.

"எந்த வீடு?"

ஒரே தடவை

மறுநாள் லெச்சுமி அக்காவே வந்தாங்க. நேத்து கண்டாக்கையா கேட்ட வீடு எங்க வீடுதான் தம்பின்னாங்க. அவங்க மக வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன இடத்துல செத்து, அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். உடம்பு வீடு வரல, அதனால ஒப்பாரியும் வைக்கல. இப்ப வீட்டுல வேணாம், தேயிலைச் செடிக்குள்ள நின்னு பாடுறேன்னாங்க. ஆனா ஒப்பாரியைத் தனியா வைக்கிறது வழக்கமில்ல, கட்டிப்பிடிச்சு அழ ஒரு துணை வேணும். அந்த அமெரிக்காக்காரம்மா முதல்ல அழட்டும்னு, நேத்துப் போட்ட சோல் பாட்டைப் போடச் சொன்னாங்க.

ஹெட்போனை மாட்டிக்கிட்டு, அந்தக் குரல் விட்ட இடத்துல இவங்க எடுத்தாங்க. மக பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாங்க. நானும் அழுதேங்க, அதுல என்ன வெக்கம்? நடுவுல கீழ ரோட்டுல ஒரு ஆட்டோ ஹாரன். முடிஞ்சதும் டைரக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இன்னொருக்கா பாடுங்கம்மான்னாரு. அக்கா ஹெட்போனைக் கழட்டி என் கையில குடுத்தாங்க.

"எனக்கு ஒரு மகதான், சேர்."

படம் வந்ததும் அந்தப் பாட்டுல ஒரு ஆட்டோ ஹாரன் கேக்கும், தொழில் தெரியாத பயன்னு என்னையத் திட்டிக்கோங்க.