அமாவாசையில் எழுதிய ஜெபம்

துர்காதேவியின் வீட்டில் மூன்று தறிகள். அவை ஓடுகிற நாளில் அவளுக்கு வேலை ஓடாது. ஹெட்போனை எவ்வளவு இறுக்கி மாட்டினாலும், ஆங்கிலப் படத்தில் கதவு தட்டுகிறார்களா, அடுத்த அறையில் அப்பா தறி அடிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பெரிய வேலைகளை அமாவாசைக்கு ஒதுக்கி வைப்பாள். அன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடாது.

வயது இருபத்தேழு. படித்தது ஆங்கிலத்தில், வளர்ந்தது தமிழில். அப்பா திருஞானசம்பந்தம் நெசவு போக மீதி நேரத்தில் சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் பதிகம் பாடிக்கொண்டு போகிறவர். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் துர்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் பதில் தெரிந்த கேள்விக்குக்கூடக் கை தூக்கியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் பொருத்தமானதுதான். சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனிக்கு, வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது. சமையல் நிகழ்ச்சி, போலீஸ் படம், காட்டில் சிங்கம் மானைத் துரத்துவது, எல்லாம் எழுதியிருக்கிறாள். கம்பெனிக்காரர்களை நேரில் பார்த்ததுகூட இல்லை.

கார்த்திகை அமாவாசைக்கு முதல் நாள் வந்தது அந்தக் கிறிஸ்துமஸ் படம். இரண்டு நாளில் வேண்டும் என்றார்கள். மனைவியை இழந்து கடவுளை வெறுத்துவிட்ட ஒரு மர ஆலை முதலாளி, அவனுக்கு ஒரு சிறு மகள், பூட்டிக் கிடக்கும் ஒரு சர்ச், கடைசியில் பனி. பத்து நிமிடம் பார்த்ததும் மிச்சம் எல்லாம் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்போடுதான் எழுதினாள்.

ஜெபக் காட்சி கடைசியில் வந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, கண் எரிந்தது. அப்பனும் மகளும் பனியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அதில் அவளுக்குப் புரியாத ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. 'மேலே இருக்கிற அப்பா, உங்க பேரு நல்லா இருக்கணும். உங்க ஆட்சி சீக்கிரம் வரட்டும். இன்னிக்குச் சாப்பாட்டை இன்னிக்கே குடுத்துடுங்க' என்று ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் முடித்தாள். உதட்டசைவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

நாலு வீடு தள்ளி இருந்தவள் செல்வராணி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தத் தெருவில் ஒரே கிறிஸ்தவ வீடு அவளுடையதுதான். தெருவுக்கே அவள் சிஸ்டர், துர்காவுக்கு மட்டும் அக்கா. துர்காவின் காய்ச்சலுக்கு ஊசி போட வந்தவள் "இப்ப இன்னாம்மா எழுதிக்கினு இருக்கிற?" என்று கேட்க, கிறிஸ்துமஸ் அன்று டிவியில் நாலு மணிக்கு வரப்போகும் படம் என்று துர்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

"எங்க சாமி படமா! நீயா எழுதின?" செல்வராணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தாள். "இருபத்தஞ்சாந்தேதி நாலு மணிக்கு எல்லாரும் எங்க வூட்லதான். பாஸ்டரையும் கூப்பிடப் போறேன். பதினோரு வருஷமா இந்தத் தெருவுல இருக்கிறேன், எங்க சபைக்காரங்களும் நம்ம தெருக்காரங்களும் ஒண்ணா குந்தினதே இல்ல. உன்னாலதான்டி குந்தப் போறாங்க."

துர்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஊசி ஏறிவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நாற்காலிகளில் பாஸ்டரும் சபைக்காரர்கள் பத்துப் பேரும். பாயில் தெருப் பெண்கள். சுவரோரமாக, வெளுத்த வேட்டியும் விபூதியுமாக அப்பா. படத்தின் தொடக்கத்தில் 'தமிழ் வசனம்: தி. துர்காதேவி' என்று எழுத்து வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். துர்கா கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

படம் யாரையும் பிடித்து வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் பாயில் கேக் உதிர்ந்தது, பேச்சு கிளம்பியது.

"இவ்ளோ பனி கொட்டுது, ஒருத்தனுக்காவது மூக்கு ஒழுகுதா பாரு," என்றாள் எதிர்வீட்டு லோகாம்பாள். "ஏன் சிஸ்டர், இவனுங்களுக்கெல்லாம் சளியே புடிக்காதா?"

"அது பனி இல்லக்கா, பஞ்சு. நல்லா பாருங்க, அவன் தோள்மேல ஒட்டிக்கினு வுழவே மாட்டேங்குது."

"அந்த ஆளு அழுவுறானா, சிரிக்கிறானா?"

"ரெண்டும் ஒரே மூஞ்சிதான் வெச்சிருக்கிறான், பாவம்."

பாஸ்டரே சிரித்துவிட்டார். துர்காவுக்கும் உடம்பு லேசானது. படம்தான் மோசம், எழுத்தை யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றியது.

அப்போது திரையில் அப்பனும் மகளும் பனியில் நின்று கை கோத்தார்கள். செல்வராணியின் மகள் பிரவீனாதான் முதலில் கண்டுகொண்டாள். "அம்மா, ஜெபம்!"

நாற்காலிகள் நகர்ந்தன. சபைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து கண்ணை மூடினார்கள். பாயில் இருந்தவர்களும் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள். யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு குரல்கள், எண்ணி வைத்ததுபோல் ஒரே சொல்லில் சேர்ந்து தொடங்கின.

டிவி வேறு எதையோ சொன்னது.

மேலே இருக்கிற அப்பாவின் பேர் நல்லா இருக்கணும் என்றது. கண்ணை மூடியிருந்தவர்கள் தடுமாறினார்கள். சிலர் தங்கள் வரியோடு போனார்கள், சிலர் டிவிக்காக நின்றார்கள், இரண்டும் முட்டிக்கொண்டன. 'இன்னிக்கே குடுத்துடுங்க' என்றபோது பிரவீனா க்ளுக்கென்று சிரித்தாள். பாஸ்டர் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். செல்வராணி மட்டும் நிறுத்தவில்லை. டிவியின் சத்தத்துக்கு அடியில், தாழ்ந்த குரலில், கடைசிச் சொல் வரைக்கும் தனியாகச் சொல்லி முடித்தாள்.

கதவுக்குப் பின்னால் துர்காவுக்குக் காது கொதித்தது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் சொல்லும் இந்த ஜெபத்துக்கென்று தமிழில் மாறாத ஒரு சொல்லமைப்பு இருக்கிறது. இந்த அறையில் குழந்தை வரைக்கும் அது மனப்பாடம். அப்பா தெருவில் பாடிக்கொண்டு போகும் பதிகம் மாதிரி. அவளுக்கு அது தோன்றவே இல்லை. தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை.

"யாரு வேலைங்க இது?" அப்பாதான் முதலில் பேசினார். முகம் சிவந்திருந்தது. "நம்ம பதிகத்துல ஒரு சொல்லை இப்படி மாத்தினா வுட்டுடுவமா? அவங்க சாமின்னா இளப்பமா?"

"ஐயய்யோ, அது துர்கா எழுதினதா இருக்காதுங்க," என்று செல்வராணி பதறினாள். "டிவிக்காரங்க கடைசியில மாத்தியிருப்பாங்க. இல்லடி?"

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமாக்கா," என்றாள் துர்கா.

"அதானே," என்றாள் லோகாம்பாள். "படிச்ச பொண்ணு. இதுகூடவா தெரியாம எழுதும்?"

சேனலுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் பாஸ்டர். நானே எழுதுகிறேன் என்றாள் செல்வராணி.

துர்கா இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மதியம், டியூட்டி முடிந்து வந்த செல்வராணி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். யூனிஃபார்ம்கூட மாற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வா, வா. லெட்டர் எழுதிட்டேன். தப்பு இருந்தா திருத்திக் குடு. எனக்கு எழுத்து வராது."

கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்து. 'எங்கள் தெருவில் வசிக்கும் துர்காதேவி என்னும் சகோதரி மிகுந்த பக்தியுடன் எழுதிய ஜெபத்தை உங்கள் கம்பெனியார் மாற்றியதால்' என்று இருந்தது. துர்கா அந்த வரியைத் தாண்டவில்லை.

"இன்னாடி, அவ்ளோ தப்பா?"

"அக்கா, அதை யாரும் மாத்தல. நான்தான் எழுதினேன்."

"எதை?"

"ஜெபத்தை. அதுக்குன்னு தனியா வார்த்தை இருக்குதுன்னு எனக்குத் தெரியாது."

செல்வராணி வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "தெரியாதது தப்பில்ல. உங்க பதிகத்துல எனக்கு இன்னா தெரியும்? ஆனா நாலு வூடு தள்ளித்தானே இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

வேலை அவசரம் என்று சொல்லலாம். கண் எரிந்தது என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

"கேக்கணும்னே தோணலக்கா. அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு நெனச்சிட்டேன்."

செல்வராணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "லெட்டர் வேணாம்னு பாஸ்டர்கிட்ட நான் சொல்லிடறேன்," என்றாள். "ஏதாவது காரணம் சொல்லிக்கிறேன். உன் பேரு வராது."

தனக்காக இவள் சர்ச்சில் போய்ப் பொய் சொல்லப்போகிறாள் என்பதுதான் துர்காவை எல்லாவற்றையும்விடக் கூச வைத்தது.

"வேணாம்க்கா. நானே வந்து சொல்றேன்."

"நீயா? அத்தினி பேரு எதிர்லயா?"

"சொல்றேன்க்கா."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஆராதனை முடியும், அப்ப வா. உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?"

துர்கா இல்லையென்று தலையாட்டினாள்.

"மொதல்ல அங்க சொல்லு."

எப்போதும் வாசல் வரைக்கும் வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் பேசுகிறவள் செல்வராணி. அன்று எழுந்திருக்கவில்லை. துர்கா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அந்தத் தாளைக் கையில் எடுத்து, தான் எழுதியதைத் தானே மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.